ஒன்பதாவது ரெஃபரன்ஸ்

குடு தம்பி, பென் டிரைவைக் குடு. செருப்பை வெளியில விட்டியா? விட்டுட்டு வா, மெஷினுக்குத் தூசி ஆகாது. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். ஸ்டூல்ல உக்காரு.

மெயின் ரோட்டுக் கடையில மெஷின் ரிப்பேரா? அதான பாத்தேன். இல்லன்னா இந்தப் பக்கம் ஏன் வரப்போற? ஒரு காலத்துல இந்த வாசல்ல டாக்டருங்க செருப்பே இருபது ஜோடி கெடக்கும். பெரியாஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்புல இருபத்திமூணு வருஷமா கடை வச்சிருக்கேன். அமலா அக்கா கடைன்னா ஆட்டோக்காரனுக்கும் தெரியும். தீசிஸ் ஆகட்டும், ஜர்னல் பேப்பர் ஆகட்டும், டைப் அடிக்கறது, ரெஃபரன்ஸ் அடுக்கறது, பைண்டிங் போடறது, ஜர்னலோட வெப்சைட்டுல ஏத்தி விடறது வரைக்கும் நாந்தான். பாஸ்வேர்டையே எங்கிட்ட குடுத்துட்டுப் போயிடுவாங்க. அவ்ளோ நம்பிக்கை. உன்னை நீ வா போன்னு கூப்புடறேன்னு வச்சுக்காத. இப்ப சர்ஜரிக்கு ஹெச்.ஓ.டி.யா இருக்காரே, அவரு பிஜி படிக்கறப்ப அவரையே அப்படித்தான் கூப்ட்டேன்.

நீ எந்த டிபார்ட்மென்ட்? குழந்தைங்க வார்டா. கைடு யாரு?

ஓ.

மீனலோசனி.

உனக்கு மேடம். எனக்கு இல்ல. நீ இங்க வந்தது அவளுக்குத் தெரியுமா? தெரியாதா? தெரிஞ்சா உன்னைத் தொலைச்சுடுவா. அந்தக் கடைக்கு மட்டும் போயிடாதீங்கன்னு க்ளாஸ்லயே சொல்லியிருக்கா. என் காதுக்கு வராம இருக்குமா? சொல்லட்டும். நான் ஒண்ணும் செத்துப் போயிடல.

ஃபைலு தொறக்குது, இரு. இது பழைய கம்ப்யூட்டரு, மெதுவாத்தான் தொறக்கும். அதுக்குள்ள சொல்றேன், கேளு. உன் மேடத்தோட லட்சணத்தை நீயும் தெரிஞ்சுக்க.

அவ பிஜி சேந்தப்ப எலும்பும் தோலுமா இருந்தா. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கல. இதே ஸ்டூல்ல உக்காந்து, என் டிபன் கேரியர்ல மேல் தட்டு அவளுக்கு, கீழ் தட்டு எனக்கு. மூணு வருஷம். கருவாட்டுக் கொழம்புன்னா உசிரு. "அக்கா, இன்னைக்கு என்னக்கா?"ன்னுதான் படியேறுவா. அவ தீசிஸுக்கு நூத்திப் பன்னெண்டு ரெஃபரன்ஸ். எனக்கு அன்னைக்கு நூத்திரெண்டு ஜுரம். ஒரு கை நெத்தியில, ஒரு கை கீபோர்டுல வச்சு அடிச்சு முடிச்சேன். நான் சொல்லிக் காட்ற ஆளு இல்ல. நீ கேட்டதால சொல்றேன்.

இந்த மேசைக் கண்ணாடிக்கு அடியில பாரு. எல்லாம் நன்றியுரைப் பக்கம். தீசிஸ் பைண்டிங்குக்குப் போறப்ப அந்த ஒரு பக்கத்தை மட்டும் எனக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்குவேன். கடவுளுக்கு நன்றி, டீனுக்கு நன்றி, அப்பா அம்மாவுக்கு நன்றி, நோயாளிங்களுக்கு நன்றி, கடைசி வரியில அமலா அக்காவுக்கு நன்றி. இங்க இருக்கறது கொஞ்சம். பீரோவுல ஒரு ஃபைலு நெறைய இருக்கு, எரநூத்திப் பன்னெண்டு பக்கம். இந்தா, நடுவுல இருக்கு பாரு, அது மீனலோசனியோடது. அவதான் என்னை அம்மா அப்பாவுக்கு அடுத்த வரியிலயே போட்டவ. அதனாலதான் நடுவுல வச்சேன். எடுத்துக் கிழிச்சுப் போட எவ்ளோ நேரமாகும்? போகட்டும், கண்ணாடியத் தூக்கணும், கனமா இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அவ படிச்சு முடிச்சு இங்கயே வேலைக்கு வந்துட்டா. மேல் பதவிக்குப் போகணும்னா நல்ல ஜர்னல்ல ஒரு பேப்பர் வரணுமாம். தேள் கொட்டின புள்ளைங்களப் பத்தி எழுதினா. என்ன பெரிய கண்டுபுடிப்பு? தேள் கொட்டினா புள்ளைக்குக் கால் சில்லுன்னு ஆகும்ல, அந்தச் சில்லுப்பு பாதத்தோட நிக்குதா, முழங்கால் வரைக்கும் ஏறுதான்னு கையால தொட்டுப் பாத்தாலே, எந்தப் புள்ளைக்கு ஆபத்துன்னு மெஷினு சொல்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுமாம். அதை மொதல்ல கவனிச்சது அவகூட இல்ல. அங்க ஒரு நர்ஸு இருந்துச்சு, ரெங்கநாயகின்னு. அது பதினோரு வருஷமா புள்ளைங்க கால்ல பேனாவால கோடு போட்டுக் கோடு போட்டுப் பாத்து ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்துச்சாம். நர்ஸுங்க மாநாட்டு மலர்ல அதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியும் இருந்துச்சு. எனக்கென்ன, யாரு கோடு போட்டா எனக்கென்ன?

அந்தச் சமயத்துல மீனலோசனி கடைக்கு வந்தா வாயத் தொறந்தா ரெங்கநாயகி சிஸ்டர், ரெங்கநாயகி சிஸ்டர். சாப்பாட்டையும் அங்கயே முடிச்சுட்டு வந்துடுவா. "சிஸ்டர் தயிர்சாதம் குடுத்தாங்கக்கா." நல்லது, தின்னு. எனக்கு அந்த நர்ஸு மேல என்ன கோவம்? ஒண்ணும் கெடையாது. அது மொகத்தையே நான் சரியாப் பாத்ததில்ல. பாத்தா நெத்தியில இவ்ளோ பெரிய பொட்டு வச்சுக்கிட்டு, எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு நடை. அவ்ளோதான்.

பேப்பர் அனுப்பறதுக்குக் கடைசி நாளு. சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஜர்னல்காரன் கதவைச் சாத்திடுவான். காலையில ரெண்டு ஃபைலு அனுப்பினா. ஒண்ணு மெயினு, ஒண்ணு டைட்டில் பேஜு. டைட்டில் பேஜுல ரெஃபரன்ஸ் கெடையாது, எனக்கு அதுல வேலையும் கெடையாது, நான் அதைத் தொறக்கவே இல்ல. மெயினை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன்.

தொறந்ததும் நான் என்ன பண்ணுவேன்னா, மொதல்ல என் பேரைத் தேடுவேன். வெக்கப்பட என்ன இருக்கு? கன்ட்ரோலும் எஃப்பும் சேத்து அமுக்கி அமலோற்பவம்னு போட்டேன். ஒண்ணுமில்லன்னு வந்துச்சு. அமலான்னு போட்டேன். ஒண்ணுமில்ல. சரி, அதையும்தான் பாப்போமேன்னு ரெங்கநாயகின்னு போட்டேன். மூணு எடத்துல வந்துச்சு தம்பி. மூணு எடம்! ரெண்டு எடம் உள்ள, ஒண்ணு அடியில, ரெஃபரன்ஸ் லிஸ்ட்டுல ஒன்பதாவதா.

நான் அதுக்கெல்லாம் மனசுல எதையும் வச்சுக்கறவ இல்ல. வேலைன்னா வேலை. கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாக்க ஆரம்பிச்சேன்.

அவ ஏதோ சாஃப்ட்வேர்ல போட்டு அனுப்பியிருந்தா. உள்ள இருக்கற நம்பர்ல கர்சரை வச்சா சாம்பல் கலர்ல பட்டை விழுது. பாக்கவே அசிங்கமா இருந்துச்சு, அழுக்குத் துணி மாதிரி. அதையெல்லாம் உருவி எறிஞ்சு சுத்தமான எழுத்தா ஆக்கினேன். உன்னுதுலயும் அந்தச் சாம்பல் இருக்கு பாரு, இந்தா. எடுத்துடட்டுமா? சரி சரி, கையை எடு, தொடல. இப்ப உள்ள பசங்க எல்லாம் ஒரே மாதிரி.

அப்புறம் ரெஃபரன்ஸ். ரெஃபரன்ஸ்னா என்னன்னு நெனைக்கற? அது ஒரு ஒழுங்கு தம்பி. பேரு, இனிஷியலு, இனிஷியலுக்கு நடுவுல புள்ளி கூடாது, ஆளுக்கு ஆளு கமா. ஆறு பேரைத் தாண்டினா எட் ஆல், மத்தவங்களும்னு அர்த்தம். தலைப்பு, புள்ளி. ஜர்னல் பேரு சுருக்கமா, புள்ளி. வருஷம், செமிகோலன், வால்யூம், பிராக்கெட்டுல இஷ்யூ, கோலன், பக்கம், புள்ளி. செமிகோலனுக்கு அப்புறம் எடம் விடக் கூடாது. இத்தனை வருஷத்துல நான் ஒரு எடம் விட்டது கெடையாது. உள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டியதில்ல. அது டாக்டருங்க பாடு.

மொத்தம் முப்பத்தொண்ணு இருந்துச்சு. ஜர்னல்காரன் முப்பதுக்கு மேல வாங்க மாட்டான். ஒண்ணை எடுத்தாகணும். ஃபோன் போட்டேன். எடுக்கல. மறுபடி போட்டேன், எடுக்கல. ஆத்தங்கரைப் பக்கம் ஒரு ஊர்லேருந்து நாலு வயசுப் புள்ளைய தேள் கொட்டித் தூக்கிட்டு வந்திருக்காங்க, இவ ஐசியுவுல இருக்கா. மணி ரெண்டு. மணி மூணு. நான் என்ன பண்றது? அவ எதை எடுக்கணும்னு சொல்லவே இல்ல. நானே முடிவு பண்ண வேண்டியதாப் போச்சு. ஒன்பதை எடுத்தேன்.

ஏன் ஒன்பதுன்னு கேக்கறியா? பாத்தாலே தெரியும். ஒத்தைப் பேரு. வால்யூம் கெடையாது, இஷ்யூ கெடையாது, பக்க நம்பர் கெடையாது. மாநாட்டு மலராம்! மத்ததெல்லாம் வரிசையா இஸ்திரி போட்ட சட்டை மாதிரி நிக்குது, நடுவுல இது மட்டும் பட்டன் இல்லாம நிக்குது. எடுத்தேன். உள்ள அதோட பேரு வந்த ரெண்டு எடத்துலயும், 'ஒரு செவிலியர்'னு மாத்திட்டேன். பேரு எதுக்கு, ரெஃபரன்ஸே இல்லாதப்ப? லிஸ்ட்டை ஒண்ணுலேருந்து முப்பது வரைக்கும் புதுசா நம்பர் போட்டேன். உள்ள வரிக்கு வரி இருக்கற நம்பரை நான் தொடல, அது டாக்டருங்க பாடு. நாலே முக்காலுக்கு ஏத்திட்டேன். ரெண்டு ஃபைலும் போயிடுச்சுன்னு மெயில் வந்துச்சு. நான் இல்லன்னா அன்னைக்கு அது போயே இருக்காது. அதை யாராவது நெனச்சுப் பாக்கறாங்களா?

அந்தப் புள்ளை பொழச்சுக்கிச்சு. ராவெல்லாம் பக்கத்துலயே இருந்தாளாம். அதெல்லாம் நல்லாத்தான் செய்வா, அதை நான் இல்லங்கல.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாளு மத்தியானம், வார்டுலேருந்து நேரா, வெள்ளைக் கோட்டுகூடக் கழட்டாம வர்றா. கையில ரெண்டு பிரிண்ட். ஒண்ணு அவ எனக்கு அனுப்பினது, ஒண்ணு நான் ஏத்தினது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல இந்த மேசை மேல வச்சா.

"அக்கா, ஒன்பதை ஏங்க்கா எடுத்தீங்க?"

"எடுத்தா என்ன?"

"பேப்பரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. மேற்கோள் காட்டின எதையும் இவங்க படிச்சதாவே தெரியலன்னு எழுதியிருக்காங்க. சின்னப் புள்ளைங்களுக்கு அந்த மருந்து ஆபத்துன்னு எழுதி பதினாலுன்னு போட்டிருந்தேன். இப்ப பதினாலுல இருக்கறவரு அது ஆபத்தே இல்லன்னு எழுதினவரு. இப்படி இருபது எடம்."

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நீ எழுதினது."

"அக்கா, கேளுங்க. வார்டுல ஒன்பதாவது பெட்டுப் புள்ளைய வீட்டுக்கு அனுப்பிட்டு, பத்துல இருந்த புள்ளைய ஒன்பதுல படுக்க வச்சு, பதினொண்ணுல இருந்ததைப் பத்துல படுக்க வச்சு, கடைசி வரைக்கும் எல்லாரையும் ஒரு பெட்டு தள்ளிட்டு, கேஸ் ஷீட்டை மட்டும் அந்தந்தக் கட்டில்லயே மாட்டி விட்டா என்ன ஆகும்? ஒருத்தன் மருந்தை இன்னொருத்தன் சாப்புடுவான். அதைத்தான் நீங்க பண்ணியிருக்கீங்க. அந்தச் சாம்பல் பட்டையாவது இருந்திருந்தா, லிஸ்ட்டு மாறறப்ப உள்ள இருக்கற நம்பரும் அதுவா மாறியிருக்கும். அதையும் உருவிட்டீங்க."

நான் சொன்னேன், "பெட்டு மாத்தறதுக்கு நான் என்ன நர்ஸா? நர்ஸுகிட்டயே குடுத்து அடிக்கச் சொல்ல வேண்டியதுதான?" விடுவனா? "இந்த முப்பதுல ஒரு கமா தப்புன்னு காட்டு. ஒரே ஒரு கமா. ஒரு செமிகோலன்." காட்டச் சொன்னேன். அவளால காட்ட முடியல. முடியாது. ஏன்னா இல்ல.

அவ கமாவைப் பாக்கவே இல்ல தம்பி. "சீட்டு குடுத்து விட்டேனே அக்கா"ன்னா.

என்ன சீட்டுன்னு பாக்கறியா? அது ஒண்ணுமில்ல. மூணு மணிக்கு வார்டு ஆயாம்மா ஒரு சீட்டு கொண்டு வந்துச்சு. ஆமா, வந்துச்சு. வரலன்னு நான் எப்ப சொன்னேன்? அவ சொல்லவே இல்லன்னுதான சொன்னேன்? வாயால சொல்லல. எழுதித்தான விட்டா. என்ன எழுதியிருந்துச்சா? ஐசியு பேப்பர்ல கிறுக்கி, 'இருபத்திரெண்டை எடுத்துடுங்க'ன்னு இருந்துச்சு. இருபத்திரெண்டும் இருபத்தொண்ணும் ஒரே ஆளு ஒரே விஷயத்தை ரெண்டு வாட்டி எழுதினதாம், ஒண்ணு போதுமாம்.

நீயே சொல்லு. அந்த இருபத்திரெண்டு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஆறு ஆத்தரு, எட் ஆல், வால்யூமு, இஷ்யூ, பக்கம், எல்லாம் அம்சமா. அதைப் போயி எடுக்கச் சொல்றா, பட்டன் இல்லாததை வச்சுக்கச் சொல்றா. அவசரத்துல எழுதியிருப்பா, அவளுக்கு என்ன தெரியும், நல்லதுக்குத்தான செய்யறோம்னு நான் ஒன்பதை எடுத்தேன். இது ஒரு குத்தமா?

"அந்தப் பேப்பரே ஒன்பதாவதுலதாங்க்கா நிக்குது. நான் கண்டுபுடிக்கல, சிஸ்டர் கண்டுபுடிச்சாங்கன்னு சொல்றதுக்குத்தான் அந்தப் பேப்பரையே எழுதினேன். அவங்க மே மாசம் ரிடையர்மென்ட். அதுக்குள்ள அச்சுல பாத்துடணும்னு இருந்தாங்க."

இதைச் சொல்றப்ப அவ கண்ணு கலங்கிடுச்சு. நான் அசையல. நான் எதுக்கு அசையணும்? எனக்கு ஜுரமா இருந்தப்ப எவ கண்ணு கலங்குச்சு?

அந்த வருஷம் பதவி வேற ஆளுக்குப் போயிடுச்சு. நர்ஸும் ரிடையர் ஆயி ஊருக்குப் போயிடுச்சு. இவ எல்லாத்தையும் மொதல்லேருந்து அவளே உக்காந்து அடுக்கி வேற ஜர்னலுக்கு அனுப்பியிருக்காளாம், இன்னும் பதில் வரலையாம். வராது. ஒரு செமிகோலன் ஒழுங்கா போடத் தெரியாது அவளுக்கு.

ஆங், அன்னைக்கு இன்னொண்ணு. கெளம்பறப்ப அவ இந்தக் கண்ணாடியப் பாத்தா. நடுவுல அவ பக்கம் இருக்குல்ல, அதையே பாத்துக்கிட்டு நின்னா. ஏதோ சொல்ல வாயத் தொறந்தா. அப்புறம் சொல்லல. ரெண்டு பிரிண்டையும் இங்கயே போட்டுட்டுப் படியெறங்கிட்டா. அதோட சரி. எதிர்ல பாத்தாலும் பாக்காத மாதிரி போறா. மூணு வருஷம் சோறு தின்ன வாயி, ஒரு பேப்பர்ல ஒரு வரி நன்றி சொல்ல வலிக்குது. எனக்கு அதான் ஆறல. வேற ஒண்ணுமில்ல.

சரி, உன் ஃபைலு தொறந்துடுச்சு. நீயும் ரெண்டு வச்சிருக்க. மெயினு, டைட்டில் பேஜு. இந்த டைட்டில் பேஜை ஏன் தனியா வச்சு கழுத்தறுக்கறீங்க? ஒரே ஃபைலாப் போட்டா என்ன?

பேரு தெரியக் கூடாதா? யாருக்கு? ஓ, திருத்தறவங்களுக்கு எழுதினது யாருன்னு தெரியக் கூடாது. அதனால எழுதினவங்க பேரு, காலேஜ் பேரு எல்லாம் டைட்டில் பேஜுல.

அப்ப நன்றி?

நன்றியும் அதுலயா? எப்பவுமேவா? மெயின்ல நன்றி போடவே கூடாதா?

இரு.

நீ இரு, எந்திரிக்காத. பழைய ஃபோல்டர் இருக்கு. நான் எதையும் அழிக்க மாட்டேன். மீனலோசனி, தேள், மெயின் ஃபைலு. இதான் அந்த டைட்டில் பேஜு. தொறக்குது பாரு. இங்க தலைப்பு, இங்க அவ பேரு, அட்ரஸு. கீழ ஏதோ நாலு வரி இருக்கு. என் மூக்குக் கண்ணாடி எங்க? நீயே படி. இங்கிலீஷ்ல வேணாம், தமிழ்ல சொல்லு.

'நான் எழுதின ஒவ்வொரு பக்கத்தையும் ஒழுங்கு செய்து... பசியோடு ஒரு நாளும் திருப்பி அனுப்பாத...' யாரு பேரு போட்டிருக்கு? மறுபடி படி. 'திருமதி அமலோற்பவம்.' மொத பேரா? நர்ஸுக்கு முன்னாடியா? நர்ஸு ரெண்டாவதா?

சேசுவே.

ஏன் சொல்லல அவ? இங்கதான நின்னா? வாயத் தொறந்தாளே! "அக்கா, உங்க பேரு அந்த ஃபைலுல இருக்கு"ன்னு ஒரு வார்த்தை. அவ்ளோ கத்தினேன், அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? சொல்லல பாரு. அதான் திமிருங்கறது. முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா நான் அந்த ஒன்பதுல கை வச்சிருப்பனா?

என்ன பாக்கற?

நான் ஒண்ணும் சொல்லல. பென் டிரைவை எடுத்துக்க. உன் சாம்பலை நான் தொடல, அப்படியே இருக்கு. கெளம்பு. வெளியில போறப்ப அந்தக் கதவை இழுத்து விட்டுட்டுப் போ. மேசைக் கண்ணாடியத் தூக்கணும், இந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து அடியில வைக்கணும்.

இல்ல, நீ பிடிக்க வேணாம். நானே தூக்கிக்குவேன்.